சாங்ஷன்: அனுமதியா, தடையா?

கேட்டவர் எழுதியிருந்தது சுருக்கமாக இதுதான்: "அப்பா வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். 'உங்கள் லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று வங்கியிலிருந்து கடிதம் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அன்றைக்கு இரவே டிவியில் ரஷ்யா மேல் சாங்ஷன், ஈரான் மேல் சாங்ஷன் என்று செய்தி. எங்களுக்குக் கொடுத்ததும் சாங்ஷன், அவர்களைத் தடுத்ததும் சாங்ஷன் என்றால் எது சரி? எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

இரண்டுமே சரி. நான் பல வருடங்களாக அலுவலகக் காகிதங்களையும் கோர்ட் காகிதங்களையும் தமிழாக்கும் வேலையில் இருக்கிறேன். என் பேனாவை அதிகம் நிறுத்தியிருக்கும் ஆங்கிலச் சொல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு நிறுவனத்தின் ஒழுங்கு விதிகள் மொழிபெயர்ப்புக்கு வந்தன. தண்டனைகளைப் பற்றிய அத்தியாயத்துக்குத் தலைப்பே 'சாங்ஷன்ஸ்'. பக்கம் பக்கமாக எச்சரிக்கை, சம்பளப் பிடித்தம், பணிநீக்கம் என்று எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த அத்தியாயத்தில் ஒரு வாக்கியம்: இப்படிப்பட்ட நடத்தையை நிறுவனம் ஒருபோதும் 'சாங்ஷன்' செய்யாது. கை அதே வேகத்தில் ஓடி, "ஒருபோதும் தண்டிக்காது" என்று எழுதிவிட்டது. சரிபார்த்த பெரியவர் அந்த வரியின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதைப் படிக்கிற தொழிலாளி என்ன நினைப்பான்? தாராளமாகச் செய்யலாம், ஒன்றும் ஆகாது என்றுதானே?" என்றார். அங்கே வரவேண்டியது "ஒருபோதும் அனுமதிக்காது". ஒரே சொல், நாலு பக்க இடைவெளியில் நேர் எதிராகத் திரும்பியிருந்தது.

இது எப்படி வந்தது என்று தெரிந்துவிட்டால் குழப்பத்தில் பாதி போய்விடும். சொல்லின் வேர் லத்தீன். 'சான்கீரே' என்றால் ஒன்றைப் புனிதமாக்கி, யாரும் மீறக்கூடாதபடி உறுதிப்படுத்துவது. புனிதரைக் குறிக்கும் 'செயின்ட்', அடைக்கலம் தரும் 'சாங்ச்சுவரி' எல்லாம் அதே குடும்பத்துச் சொற்கள். ரோமானியச் சட்டத்தில் இதற்கு அழகான ஒரு விளக்கம் உண்டு. கிபி 533-ல் ஜஸ்டினியன் பேரரசர் சட்ட மாணவர்களுக்காக வெளியிட்ட பாடநூலில், நகரத்தின் மதில்களும் வாயில்களும் புனிதமானவை என்று வருகிறது. ஏன் புனிதம்? அவற்றுக்குத் தீங்கு செய்கிறவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருப்பதால். அதனால்தான் சட்டத்தில் மீறுகிறவனுக்கு என்ன தண்டனை என்று சொல்லும் பகுதியை 'சாங்க்ஷியோ' என்கிறோம் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த மதிலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளுக்கு மேலிருந்து முத்திரை விழுகிறது. முத்திரை விழுந்ததால் அது செல்லுபடியாகிறது. அதே முத்திரை, அதை மீறுகிறவனுக்குத் தண்டனையும் வைக்கிறது. இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கம்தான். பின்னால் வந்தவர்கள் முதல் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'அனுமதி' என்றார்கள், இன்னொரு கூட்டம் இரண்டாம் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு 'தண்டனை' என்றது.

நமக்கு இது அவ்வளவு அந்நியமான எண்ணம் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். காப்புக் கட்டினால்தான் திருவிழா தொடங்கும், அதற்குப் பிறகுதான் மற்ற சடங்குகளுக்கு வழி. ஆனால் காப்புக் கட்டிவிட்டால் வெளியூரில் போய் இரவு தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் வழக்கம். வழிவிட்டதும் அந்த மஞ்சள் கயிறுதான், கட்டுப்படுத்துவதும் அந்தக் கயிறுதான். போலீஸ் பூட்டுகிற விலங்குக்கும் நம் ஊரில் காப்பு என்றுதான் பேர்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் முதலில் பெயர்ச்சொல்லாகத்தான் வந்தது, சட்டம் அல்லது ஆணை என்ற பொருளில். ஐரோப்பிய வரலாறு படித்தவர்களுக்கு 'பிராக்மாடிக் சாங்ஷன்' நினைவிருக்கும். ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்துப் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1713-ல் போட்ட ஆணை அது. ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளும் ஆட்சிக்கு வரலாம் என்பது சாரம். அதன்படி 1740-ல் அவருடைய மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வந்தபோது பல அரசுகள் ஒப்புக்கொள்ள மறுத்து, எட்டு வருடம் போர் நடந்தது. அந்தப் பெயரில் இருக்கும் 'சாங்ஷன்' அனுமதியும் இல்லை, தடையும் இல்லை, வெறும் ஆணை. பள்ளிப் பிள்ளைகள் அதைப் பொருளாதாரத் தடை என்று எழுதிவைப்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வினைச்சொல்லாக 'உறுதிசெய்', 'அனுமதி கொடு' என்ற பொருளில் இது 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புழக்கத்துக்கு வந்தது. 'தண்டி' என்ற வினைப்பொருள் ரொம்பப் பிந்தையது, 20-ம் நூற்றாண்டில்தான் பரவியது. அதனால்தான் பழைய ஆங்கிலம் படித்துப் பழகியவர்களுக்கு ஒரு ஆளையோ நாட்டையோ 'சாங்ஷன் செய்தார்கள்' என்பது இன்னமும் காதில் உறுத்தும்.

நாடுகளின் மேல் விழுகிற சாங்ஷனுக்குப் பெரிய பேர் வந்தது முதல் உலகப் போருக்குப் பிறகு, ஐநாவுக்கு முன்னோடியான சர்வதேச சங்கத்தின் காலத்தில். அதன் சாசனத்தின் 16-வது பிரிவு, ஒப்பந்தத்தை மீறிப் போருக்குப் போகிற நாட்டோடு மற்றவர்கள் வணிகத்தை நிறுத்த வேண்டும் என்றது. 1935 அக்டோபரில் இத்தாலி எத்தியோப்பியாவுக்குள் படையோடு நுழைந்தபோது அதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் பெட்ரோலியத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை, சூயஸ் கால்வாயையும் மூடவில்லை. 1936 மே மாதம் அடிஸ் அபாபா விழுந்தது, ஜூலையில் தடையையே எடுத்துவிட்டார்கள். ஐநா சாசனத்தில் இதே வேலையைச் செய்யும் 41-வது பிரிவில் 'சாங்ஷன்' என்ற சொல்லே கிடையாது. ஆயுதப்படையைப் பயன்படுத்தாத 'நடவடிக்கைகள்' என்றுதான் இருக்கும். நாம்தான், அதாவது செய்தியாளர்களும் அரசுகளும், சாங்ஷன் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

இந்தியா இதன் இரண்டு முனையிலும் நின்றிருக்கிறது. நிறவெறியைக் கண்டித்து 1946-லேயே தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை நிறுத்திய நாடு இது. 1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு சோதித்ததும் அமெரிக்கா நம் மேல் சாங்ஷன் போட்டது. 2001 செப்டம்பரில் அதை விலக்கிக்கொண்டார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் 'பொருளாதாரத் தடை' என்ற தொடர் நம் வீட்டு வாசல் வரை வந்தது அப்போதுதான் என்று எனக்குத் தோன்றும்.

சரி, அடையாளம் காண்பது எப்படி?

நான் முதலில் பார்ப்பது, அந்தச் சொல் எதன் மேல் போய் உட்காருகிறது என்பதை. கடன், திட்டம், தொகை, விடுப்பு, பணியிடம் மாதிரி ஒரு காரியத்தின் மேல் உட்கார்ந்தால் அது அனுமதி. ஒரு நாடு, ஒரு நிறுவனம், ஒரு ஆள், ஒரு கப்பல் என்று செய்கிறவன் மேலேயே உட்கார்ந்தால் அது தண்டனை. கமிட்டி 'திட்டத்தை' சாங்ஷன் செய்தது என்றால் ஒப்புதல் கொடுத்தது. கமிட்டி 'உறுப்பினரை' சாங்ஷன் செய்தது என்றால் அவர்மேல் நடவடிக்கை எடுத்தது. உங்கள் அப்பாவுக்கு வந்த கடிதத்தில் சாங்ஷன் ஆனது லோன். அப்பாவே சாங்ஷன் ஆகியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்!

அடுத்து ஒருமை, பன்மை. 'சாங்ஷன்ஸ்' என்று பன்மையில் வந்தால் பத்தில் ஒன்பது முறை தடைதான். அதன் பக்கத்திலேயே விதித்தார்கள், தளர்த்தினார்கள், விலக்கினார்கள் என்ற வினைகளும், யாருக்கு எதிராக என்ற சொல்லும் வந்துவிடும். ஒருமையில் வந்து, 'இன்னாருடைய சாங்ஷனோடு', 'சாங்ஷன் அக்கார்ட் செய்யப்படுகிறது' என்றெல்லாம் இருந்தால் அனுமதி.

இவ்வளவு தெரிந்தும் சறுக்குகிற இடம் ஒன்று இருக்கிறது. 'சாங்ஷன் ஃபார் பிராசிக்யூஷன்'. ஒரு அதிகாரி மேல் லஞ்சப் புகார். செய்தியில் அதிகாரியின் பேர், வழக்கு, சிறை எல்லாம் வருகிறது, கூடவே 'சாங்ஷன்'. படிக்கிறவர் அதிகாரிக்குத் தண்டனை கிடைத்துவிட்டது என்றே எடுத்துக்கொள்வார். ஆனால் அது வெறும் முன் அனுமதி. பணியில் செய்த செயலுக்காக அரசு ஊழியர் மேல் வழக்கை நீதிமன்றம் எடுத்துக்கொள்வதற்கு முன் அரசோ உரிய அதிகாரியோ சரி என்று சொல்ல வேண்டும். 1988-ம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தின் 19-வது பிரிவு அதைச் சொல்கிறது. மற்றக் குற்றங்களுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197-வது பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவு. புதிய பிரிவில் ஒரு முக்கியமான சேர்க்கை உண்டு: கேட்ட நாளிலிருந்து 120 நாளுக்குள் அரசு முடிவு சொல்லாவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். பல வழக்குகள் இந்த ஒரு காகிதத்துக்காக வருடக்கணக்கில் காத்துக் கிடந்திருக்கின்றன. அதனால் 'வழக்குத் தொடர அனுமதி' என்று தெளிவாகத் தமிழில் எழுதுவது வாசகருக்குச் செய்கிற பெரிய உதவி.

நம் அலுவலகங்களில் இந்தச் சொல்லுக்கு இருக்கும் வாழ்வு இங்கிலாந்தில்கூட இருக்காது. மெடிக்கல் லீவு சாங்ஷன் ஆச்சா, பில் சாங்ஷன் ஆச்சா, போஸ்ட் சாங்ஷன் ஆச்சா என்று காலையில் தொடங்கினால் சாயந்திரம் வரைக்கும் ஓடும். அரசாணைகளில் இதற்கு நிலைத்துவிட்ட தமிழ், ஒப்பளிப்பு. "ரூபாய் இவ்வளவு நிதி ஒப்பளிப்பு செய்து ஆணையிடப்படுகிறது" என்ற வரியைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு ரொம்பப் பிடித்த சொல் அது. அனுமதி என்றால் யாரும் யாருக்கும் கொடுக்கலாம். ஒப்பளிப்பு என்றால் பொறுப்பில் இருக்கிற ஒருவர், தன் அதிகார வரம்புக்குள், கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. சாங்ஷனின் எடையை அப்படியே தாங்குகிறது.

பொதுப்பணி வேலைகளில் இது மூன்று படியாக வரும். இந்தப் பாலம் கட்டலாம் என்பது நிர்வாக ஒப்புதல். அதற்கு இவ்வளவு பணம் என்பது நிதி ஒப்பளிப்பு. வரைபடமும் மதிப்பீடும் சரி என்று பொறியாளர் கையெழுத்திடுவது தொழில்நுட்ப ஒப்புதல். முதல் படியில் இருக்கும்போதே 'பாலம் சாங்ஷன் ஆகிவிட்டது' என்று ஊரில் போஸ்டர் ஒட்டிவிடுவார்கள். பாலம் வராதபோது, அறிவித்ததே பொய் என்று மக்கள் கோபப்படுவார்கள். எந்தப் படியில் நிற்கிறது என்று யாராவது கேட்டுச் சொன்னால் பாதிச் சண்டை தீரும்.

பணியிடங்களிலும் அப்படித்தான். ஒப்பளிக்கப்பட்ட பணியிடம் என்பது இருக்கலாம் என்று அனுமதித்த எண்ணிக்கை, வேலையில் இருக்கிற ஆட்களின் எண்ணிக்கை அல்ல. 2019-ல் உச்ச நீதிமன்றத்தின் எண்ணிக்கை தலைமை நீதிபதியையும் சேர்த்து 34 ஆக உயர்ந்தது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு 75. அந்த 75 நாற்காலியிலும் ஆள் இருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள் இல்லை. வீட்டு மின் இணைப்பில் வரும் அனுமதிக்கப்பட்ட மின்பளுவும் இதே சொல்தான், 'சாங்ஷன்ட் லோடு'. அந்த அளவுக்குள் இருந்தால் அனுமதி, அதைத் தாண்டி ஏசி போட்டு இழுத்தால் கூடுதல் கட்டணம். ஜஸ்டினியனின் மதில் நம் மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது.

எழுதும்போது கவனிக்க ஒன்று. சாங்ஷன் வீட்டுக்குள் புழங்குகிற சொல் இல்லை. அம்மா சினிமாவுக்குப் போக விட்டார் என்பதற்கு 'அலவ்', 'லெட்' போதும். அலுவலக மணம் இல்லாத இடத்தில் சாங்ஷன் போட்டால் ஆங்கிலம் விறைத்துப்போகும். அதோடு, 'என்னைப் போகச் சாங்ஷன் செய்தார்' என்ற அமைப்பே ஆங்கிலத்தில் இல்லை. 'பெர்மிட்' பக்கத்தில் ஆள் வரலாம், 'அலவ்' பக்கத்தில் வரலாம், அனுமதிப் பொருளில் வரும் சாங்ஷன் பக்கத்தில் ஆள் வரக் கூடாது. வந்தால் உடனே தண்டனையாகத் திரும்பிவிடும். 'இரண்டு நாள் லீவு சாங்ஷன் செய்யுமாறு வேண்டுகிறேன்' என்று நாம் எழுதுவது நம் நாட்டு வழக்கு, இங்கே அதில் தவறில்லை. வெளிநாட்டு நிறுவனத்துக்கு எழுதினால் 'கிராண்ட்' அல்லது 'அப்ரூவ்' போடுங்கள்.

'லீவு' என்ற சொல்லும் அடிப்படையில் அனுமதிதான். உச்ச நீதிமன்றத்தில் அரசியல் சாசனத்தின் 136-வது பிரிவின் கீழ் போடும் 'ஸ்பெஷல் லீவ் பெட்டிஷன்' விடுமுறை கேட்கும் மனு இல்லை, சிறப்பு அனுமதி மனு. 'லீவ் கிராண்டட்' என்று நீதிபதி சொன்னால் மேல்முறையீட்டைக் கேட்க அனுமதித்தார் என்று பொருள். போவதற்கு அனுமதி என்பதுதான் நாளடைவில் போகிற நாளுக்கே பேராகிவிட்டது. தமிழிலும் 'விடை கொடுத்தார்' என்றால் போக அனுமதி கொடுத்தார் என்றுதானே பொருள்! 'விடுப்பு'ம் அதே 'விடு'விலிருந்து வந்ததுதான்.

மூன்றாவதாக ஒரு பொருளும் இருக்கிறது. சமூகவியல், தத்துவம் படிக்கிறவர்களுக்கு அது இல்லாமல் நகராது. ஒரு நெறியை மக்கள் மீறாமல் வைத்திருக்கிற பிடிமானம் எதுவோ அதுவும் சாங்ஷன். ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் 1789-லேயே இயற்கை, அரசியல், ஒழுக்கம், மதம் என்று நான்கு வகையாகப் பிரித்தார். ஊர் விலக்கம், பஞ்சாயத்து அபராதம் இந்த வகை. பாராட்டு, பரிவட்டம் கட்டுவது மாதிரி மரியாதைகளும் இந்த வகைதான், அதை நேர்மறைச் சாங்ஷன் என்பார்கள். சாதிக்கு மதத்தின் சாங்ஷன் இருக்கிறது, அதை உடைக்காமல் சாதி போகாது என்று அம்பேத்கர் 1936-ல் வாதிட்டபோது அந்தச் சொல்லை வெறும் அனுமதி என்று மொழிபெயர்த்தால் அவர் சொன்னதன் கனமே போய்விடும். அனுமதி, காவல், அச்சுறுத்தல் மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நான் 'மத ஆணை' என்று எழுதுவேன். ஆணை என்றால் கட்டளை, ஆணை என்றால் சத்தியமும்தான். 'உன் மேல் ஆணை' என்கிறோமே, அந்தக் கட்டு. லத்தீன் வேருக்கு நம்மிடம் இருக்கும் மிக நெருங்கிய சொல் அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் அப்பாவின் கடிதம். வங்கிக்குள்ளேயே இந்தச் சொல் இரண்டு மேசையில் இரண்டு பொருளில் இருக்கிறது. கடன் பிரிவில் சாங்ஷன் லெட்டர் அடிக்கிறார்கள். வெளிநாட்டுப் பணம் அனுப்பும் பிரிவில் சாங்ஷன் லிஸ்டில் பேர் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய பணம், தடைப்பட்டியலில் இருக்கும் யாரோ ஒருவருடைய பேரோடு நம் பேர் ஒத்துப்போனதால் நின்றுபோவதும் உண்டு. கூடுதல் அடையாளச் சான்று கேட்பார்கள், கொடுத்தால் விடுவிப்பார்கள்.

அப்பாவுக்கு வந்தது முதல் மேசையின் கடிதம். அது பணம் இல்லை, நிபந்தனையோடு கூடிய ஒப்புதல். அதற்குப் பிறகு தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் வக்கீல் பார்த்து 'லீகல்', அதாவது பத்திரங்கள் சரி என்ற சட்டக் கருத்து, கொடுக்க வேண்டும், பொறியாளர் வந்து வீட்டை மதிப்பிட வேண்டும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடன் என்றாலும் வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் கொடுக்க முடியாது, அதற்கு மேலான கடனுக்கு இன்னும் குறைவு. மீதி உங்கள் கைப்பணம். கட்டிக்கொண்டிருக்கும் வீடாக இருந்தால் தளம் போட்ட பிறகு இவ்வளவு, பூச்சு முடிந்த பிறகு இவ்வளவு என்று பிரித்துத்தான் தருவார்கள். அந்தப் பட்டுவாடாவுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல், 'டிஸ்பர்ஸ்மென்ட்'. சாங்ஷனை நம்பி விற்பவருக்குப் பெரிய முன்பணம் கொடுத்துவிட்டு, லீகலில் சிக்கல் வந்து தவித்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் கடிதத்தின் முதல் பக்கத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். நிபந்தனைகள் என்று சின்ன எழுத்தில் இருக்கும் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள், எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள், பட்டுவாடா தேதி தெரியும் வரைக்கும் முன்பணத்தைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். புரியாத வரி ஏதாவது இருந்தால் அப்படியே எழுதிக் கேளுங்கள், தமிழில் சொல்கிறேன்.